சூரியனுக்கு மார்க் போட்ட டீச்சர்

எங்கள் ஊர் டீக்கடையில் டீ எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் யாரையும் கேட்கமாட்டார். ஒரே ஒருமுறை கேட்டார். டீச்சர் வந்த புதிது.

"டீ எப்படிங்க டீச்சர்?"

"சூடா இருக்கு."

"அது தெரியுதுங்க. எப்படி இருக்கு?"

இன்னொரு வாய் குடித்தார். கொஞ்சம் யோசித்தார். "அஞ்சுக்கு ரெண்டு" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் பாலைக் கூட்டினார். அன்றைக்கு டீச்சர் மூன்று போட்டார். கடைசிவரை அந்தக் கடை அதற்குமேல் ஏறவில்லை.

அவர் டீச்சர் இல்லை. படித்த பெண் என்றால் எங்கள் ஊருக்கு நர்சு தெரியும், டீச்சர் தெரியும். இவர் கையில் ஊசி இல்லை. அதனால் டீச்சர். "நான் டீச்சர் இல்லைங்க, வானத்தை ஆராய்ச்சி பண்றவ" என்று முதல் மாதம் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்றார்கள். அப்புறம் விட்டுவிட்டார். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். பெங்களூர் பக்கம் ஏதோ ஒரு பெரிய ஆபீஸ். சூரியனைப் பார்க்க ஏரிக்கரையாக ஒரு இடம் தேடினார்கள். தண்ணீர் கிடந்தால் தரை சூடேறாது. தரை சூடேறாவிட்டால் சூரியன் ஆடாமல் தெரியும். அதற்காக மூன்று நாலு ஊரில் ஆள் போட்டுச் சோதித்தார்கள். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் எங்கள் ஏரி. அதற்கு வந்தவர் இவர்.

இடம் பிடித்துவிட்டால் கரையில் கட்டடம் வரும். ஓடைக்குப் பாலம் வரும், ரோடு வரும், கரண்டு வரும். கூடமாட இருக்க உள்ளூர் ஆள் ஒருவருக்குப் பெர்மனன்ட் வேலை. அந்த ஆள் நான்தான் என்று ஊரில் பேச்சு.

எனக்கு நிலம் கிடையாது. படிப்பு அஞ்சாவதோடு நின்றது. கரும்பு வெட்டு, களை வெட்டு, கிணற்றுக்குத் தூர் எடுப்பு, எது கிடைக்கிறதோ அது. டீச்சருக்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றதும் பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "டேய் ராசு, இங்க வாடா. இந்தம்மா கூடப் போ."

டீச்சர் என்னைப் பார்த்து, "வாங்க ராசு" என்றார். எனக்குப் பின்னால் வேறு ராசு யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். தலைவரும் பார்த்தார்.

முதல் பஸ்ஸில் அரியலூரிலிருந்து வருவார். ரோட்டில் இறங்கி ஓடையைத் தாண்டி நடப்பார். ஓடையில் தண்ணீர் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். பெட்டி என் வீட்டில் இருக்கும். நான் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவேன். அங்கே சவுக்குக் கம்பு நட்டுப் பலகை அடித்த மேடை. பெட்டியிலிருந்து தொலைநோக்கிக் குழாயை எடுத்து அதில் பொருத்துவார். கண்ணாடியைத் துடைக்க என்னை விடமாட்டார். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்துத் தூசியை ஓட்டுவார். துணி படக்கூடாது.

பேர்தான் சூரியனைப் பார்க்கிற வேலை. அவர் சூரியனை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. முதுகைக் காட்டித்தான் உட்காருவார். குழாய் வழியே வெளிச்சம் வந்து எதிரே வெள்ளை அட்டையில் விழும். ஒரு தட்டு அகலத்துக்குச் சூரியன் அந்த அட்டையில் நிற்கும். அதைத்தான் பார்ப்பார். அதனால் அவருக்குப் பின்கழுத்து மட்டும் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்திருந்தது. முகம் வேறு நிறம்.

பார்க்க வேண்டியது ஓரத்தை. காலையில் சூரியனின் ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். வெயில் ஏற ஏற நெளியும். உலை கொதிக்கிற மாதிரி. எவ்வளவு நெளிகிறது என்று பார்த்து மார்க் போடுவார். ஆடாமல் நின்றால் அஞ்சு. ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட மறுநாள், ஏரி தளும்பிக் கிடந்தது. ஓரம் அப்படியே நின்றது. "இன்னைக்கு அஞ்சு போடலாங்களா டீச்சர்?" என்றேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இடது பக்கம் லேசா மூச்சு விடுது. நாலரை" என்றார்.

மார்க் போட்டபின் சூரியன்மேல் உள்ள கறைகளைப் பென்சிலால் வரைவார். சவுக்குக் கம்பில் கட்டின தெர்மாமீட்டரைப் பார்ப்பார். பக்கத்தில் ஒரு நூல் தொங்கும். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறிப்பார். மேகம் வந்தால் காத்திருப்பார். சில நாள் மத்தியானம்வரை மேகம் விலகாது. அன்றைக்கும் எழுந்து போகமாட்டார்.

வரப்பில் போகிறவர்கள் கேட்பார்கள். "என்ன டீச்சர், சும்மா ஒக்காந்திருக்கீங்க?"

"ஆமாங்க, சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்பார்.

கேலி பண்ண வந்தவருக்கு அதற்குமேல் வழி இருக்காது.

ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ராசு, இன்னைக்கு சூரியன் பாஸா பெயிலா?"

"காலையில பாஸ். பொழுது ஏறினதும் பெயில்."

"எங்க வூட்டுப் பய மாதிரியேன்னு சொல்லு."

ஆடு மேய்க்கிற அஞ்சலை ஒருநாள் மேடைப் பக்கம் வந்தாள். அட்டையில் சூரியனைப் பார்த்தாள். அந்தச் சமயம் கறைகள் நிறைய. பெரிதும் சின்னதுமாக நடுவே கொத்தாகக் கிடந்தன.

"இதுக்கு அம்மை போட்டிருக்கு டீச்சர்" என்றாள்.

"அம்மை இல்லைங்க. கறை."

"எறங்குமா?"

"ஏழெட்டு நாள்ல அந்தப் பக்கம் போய் மறைஞ்சுடும்."

"அப்ப அம்மைதான்."

மறுநாள் சவுக்குக் கம்பில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. டீச்சர் அதை அவிழ்க்கவில்லை. நூலில் படாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்.

தலைவர் தன் மகள் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். செவ்வாய் தோஷம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

"எனக்கு அது தெரியாதுங்க" என்றார் டீச்சர்.

"இவ்ளோ பெரிய கொழாய வச்சிருக்கீங்க. செவ்வாயத் தெரியாதுங்களா?"

"செவ்வாயைத் தெரியும். உங்க பொண்ணைத் தெரியாது."

தலைவர் ஜாதகத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். மழை வருமா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். தெரியாது. வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவர் இத்தனை தடவை தெரியாது என்று சொன்னது ஊருக்கு ஏமாற்றம். சில பேர் இவர் நிஜமாகவே படித்தவர்தானா என்று என்னிடம் கேட்டார்கள்.

என் பெண்சாதி செல்லம்மா ஒருநாள் ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்து டீச்சருக்குக் கொடுத்தாள். கேட்காதே என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். கேட்டுவிட்டாள்.

"மீன் நல்லா இருக்கு. புளி தூக்கல்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத்தான் திட்டு. "இத்தன வருசமா தின்னுட்டு வாயத் தொறக்கல நீங்க. பஸ்ஸு ஏறி வந்த பொம்பளைக்குத்தான் தெரியுது." அதிலிருந்து செல்லம்மாவுக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. புளியைக் குறைத்தாள்.

அவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. கல்யாணம் ஆகலையா என்று பெண்கள் கேட்டார்கள். "ஆச்சு. அவர் இல்லை இப்போ" என்றார். அவ்வளவுதான். ஒரே ஒருநாள், மேகத்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு குச்சியை எடுத்துக் கரை மண்ணில் கோடு கிழித்தார். இங்கே குழாய் வைக்கிற கட்டடம். இங்கே ஆபீஸ். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டார்.

"இது என்னங்க?"

"நான் இருக்கிற ரூம். ஏரிப் பக்கம் ஒரு சன்னல் வைக்கச் சொல்லணும்."

சொல்லிவிட்டு உடனே செருப்பால் அழித்துவிட்டார். நடக்காததைப் பேசிவிட்டோம் என்று வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

ஒரு கார்த்திகை மாதம் கரை வழுக்கி நான் பெட்டியைப் போட்டுவிட்டேன். டீச்சர் வரவில்லை இன்னும். பெட்டிக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. சேற்றைத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் வந்ததும், "பெட்டி கீழ விழுந்துடுச்சுங்க" என்றேன்.

திறந்து பார்த்தார். "கண்ணாடி நகர்ந்திருக்கு" என்றார். அதைச் சரிபண்ண அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. திட்டவில்லை. வேலை முடிந்த அன்று சொன்னார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் சூரியனுக்கு மார்க்கைக் குறைச்சிருப்பேன். பாவம், அது என்ன பண்ணுச்சு."

ஏரியில் தண்ணீர் இருந்தவரை மார்க் நன்றாக வந்தது. மாசி பிறந்தால் இறங்கும். சித்திரையில் ஏரி நடுவே ஒரு குட்டைதான் மிச்சம். கரை கொதிக்கும். மார்க் ஒன்று, ஒன்றரை. வைகாசியில் பெங்களூரிலிருந்து ஆபீசர்கள் வந்து எல்லா மார்க்கையும் பார்த்து முடிவு பண்ணுவார்கள் என்று டீச்சர் சொன்னார். ஊருக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கும்தான். நான் வெளியே காட்டவில்லை.

அந்தச் சித்திரையில் திடீரென்று மார்க் ஏறியது. மூன்று. மறுநாள் மூன்றரை. டீச்சர் குனிந்து குனிந்து பார்த்தார். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. டீக்கடையில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. நாலைந்து நாள் இப்படிப் போனது.

ஒருநாள் காலை மேடையைச் சுற்றி மைனாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. டீச்சர் நின்றுவிட்டார்.

"சித்திரையில மைனாவுக்கு இங்க என்ன வேலை?"

குனிந்து பார்த்தார். மண்புழு. செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். மேலே புழுதி. கீழே சேறு. யாரோ தண்ணீர் ஊற்றி, ஊற்றியது தெரியாமலிருக்கக் காய்ந்த மண்ணைத் தூவியிருந்தார்கள். காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் ஒரு குடம் கிடந்தது. கழுத்தில் நசுங்கல். எங்கள் வீட்டுக் குடம். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை டீச்சர் பார்த்தார்.

"உங்க வீட்டுதா?"

"ஆமாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அதற்குமேல் கேட்கவில்லை.

பெண்களைக் கூப்பிடச் சொன்னார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். செல்லம்மா முன்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு ஊத்தச் சொன்னது?" என்றார் டீச்சர்.

"யாரும் சொல்லலீங்க" என்றாள் செல்லம்மா. "தர குளுந்தா சூரியன் ஆடாதுன்னு நீங்கதான டீக்கடையில சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதான் குளுர வச்சோம்."

"குட்டையில மாட்டுக்கு இருக்கிற தண்ணியை எடுத்தா?"

"மாடு குடிச்சது போகத்தாங்க."

"இதை எத்தனை வருஷம் ஊத்துவீங்க?"

செல்லம்மா யோசிக்கவே இல்லை. "கட்டடம் வந்தா அப்படியே வுட்டுடுவோமா? ஏரித் தண்ணிக்கு மொற வைக்கிற மாதிரி மொற வச்சு ஊத்துவோம். தெனம் ஒரு வூடு. ரோடு வருதுல்ல. ஊத்துறோம் டீச்சர்."

டீச்சர் மேடைப் பலகையில் உட்கார்ந்தார். பெண்கள் நின்றபடியே இருந்தார்கள். பிறகு டீச்சர் சொன்னார்.

"சூரியன் நல்லாத்தான் நின்னுச்சு. ஆனா அது இந்த ஏரி பண்ணதில்லை. நீங்க பண்ணது."

"யாரு பண்ணா என்ன டீச்சர். நின்னுச்சுல்ல."

"நின்னுச்சு" என்றார்.

அப்புறம் பென்சிலை எடுத்து அத்தனை நாள் மார்க்கையும் குறுக்கே அடித்தார். பக்கத்தில் என்ன எழுதினார் என்பதை அவர்களுக்குப் படித்தும் காட்டினார். பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், தரை குளிர்ந்தது, இந்த நாட்களைச் சேர்க்கக் கூடாது.

"அப்ப பெயிலா டீச்சர்?" என்றாள் அஞ்சலை.

"சித்திரையில பெயில்தாங்க."

அன்று பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். ஓடை மணலில் இறங்கும்போது, "அந்தச் சன்னல் எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு ராசு" என்றார்.

வைகாசியில் ஆபீசர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். இளநீர் குடித்தார்கள். இடம் வேறு ஊருக்குப் போனது. தலைவருக்குக் கோபம். "நாலுன்னு எழுதியிருந்தா அந்தம்மா கையா ஒடிஞ்சுபோவும்" என்று தெருவில் நின்று பேசினார். அதைக் கேட்டு டீச்சர் அவர் வீட்டுக்கே போய், ஏன் கிடைக்கவில்லை என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் மட்டும், "எங்க ஊருக்கு ஒரு மூணாச்சும் போட்டிருக்கலாம் டீச்சர்" என்றார். "போட்டிருக்கேனே. மார்கழிக்கும் தைக்கும் மூணரை" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தார்.

இப்போது அந்த ஓடையில் பாலம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிக்காகப் போட்டது. ரோடும் உண்டு. கரையில் நின்றால் புழுதியில் சூரியனின் ஓரம் எங்கே என்றே தெரியாது. டீச்சர் வந்தால் மார்க் போடாமல் காத்திருப்பார்.

அவர் எங்கள் ஊருக்கு வந்த கடைசி வாரம் டீச்சர் என்னைக் கேட்டார். "இனி என்ன பண்ணுவீங்க?"

"கரும்பு வெட்டு இருக்குதுங்க."

"குவாரியில ஆள் எடுக்கிறாங்களாம். வாங்க, கேட்டுப் பார்ப்போம்."

அப்போதுதான் அரியலூர்ப் பக்கம் புதிதாக ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி தொடங்கியிருந்தது. ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை. மேனேஜர் உள்ளே உட்காரச் சொன்னார். டீச்சர் உட்கார்ந்தார். நான் வாசல்படியில் நின்றேன். செல்லம்மா துவைத்து மடித்துக் கொடுத்த சட்டை. உள்ளே பேசுவது கேட்டது.

"ஆள் எப்படிங்க மேடம்?"

"சொன்ன நேரத்துக்கு வருவார். மெதுவா வேலை செய்வார்."

"குடிப்பாரா?"

"நான் பார்த்ததில்லை. ஆனா சாயங்காலம் நான் ஊர்ல இருக்கமாட்டேன்."

மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்தார். "சாமான் எல்லாம் பத்திரமா வச்சிருந்தாரா?"

"ஒரு தடவை பெட்டியைக் கீழ போட்டார்."

போச்சு என்று நினைத்தேன். கரும்பு வெட்டுக்கு எந்த மேஸ்திரியைப் பார்க்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"உடைஞ்சுதா?"

"உள்ள கண்ணாடி நகர்ந்துது. வெளியில ஒண்ணும் தெரியலை. யாரும் பார்க்கவும் இல்லை. நான் வந்ததும் அவரே சொன்னார்."

"வேற?"

"அவ்வளவுதான் நான் பார்த்தது."

மேனேஜர் பேனாவை மூடினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வெடிமருந்து ரூமுக்கு ஆள் வேணும். பெட்டியை எண்ணி எடுக்கணும், எண்ணி வைக்கணும். ஒண்ணு கொறைஞ்சா அன்னைக்கே வந்து சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேங்க."

"ஆனா அங்க பெட்டியைக் கீழ போட்டா, வந்து சொல்றதுக்கு நீ இருக்கமாட்ட. பாத்துக்க."

டீச்சர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார். ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பெர்மனன்ட் என்றார். ஆனது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை அந்த அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"கொஞ்சம் தூக்கிச் சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நல்லாத்தானே சொன்னேன்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது செல்லம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"பெட்டியக் கீழ போட்டதச் சொன்னாங்க."

அகப்பை நின்றது.

"வேல?"

"கெடச்சிடுச்சு."

கொஞ்சநேரம் குழம்பைக் கிண்டினாள். அப்புறம் சொன்னாள்.

"அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்காங்க."